மேடு ஏறுகிறவளுக்குச் சீனி எப்படி வந்தது?

கம்பத்தில் விடிவதற்கு வெகுநேரம் முன்பே தெருமுனையில் ஜீப் ஹாரன் கேட்கும். கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிப் போகிற ஜீப்புகள் அவை. கூடலூர், உத்தமபாளையம், தேவாரம், போடி என்று அடிவாரத்து ஊர்களில் பலருக்கு அந்தச் சத்தம்தான் சேவல். என் சின்னம்மா அப்படி இருபத்தைந்து வருடம் மலைக்குப் போனவர். 46 வயதில் அட்டை கடித்த இடம் ஒன்று காலில் ஆறாமல் கிடந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 210.

மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவர், "தினமும் நடங்க, சாப்பாட்டைக் குறைங்க" என்றார். வீட்டுக்கு வந்ததும் சின்னம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏப்பா, இருட்டுல கெளம்பி பொழுது சாயிற வரைக்கும் மேடு ஏறி எறங்குறவ நான். தின்னு கொழுத்தவளும் இல்ல. எனக்கு எப்படிச் சீனி வந்துச்சு? இன்னும் எங்க போயி நடக்கச் சொல்றாரு?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. அதன் பிறகு படித்தும் கேட்டும் புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். உடலுழைப்பு, தூக்கம், சாப்பாடு என்று நாம் மூன்றாகப் பிரித்துப் பேசுகிறோம். உடம்புக்கு அந்தப் பிரிவினை தெரியாது. ஒன்றில் விழும் ஓட்டை மற்ற இரண்டிலும் கசிகிறது. எங்கள் பக்கத்தில் அந்த ஓட்டை முதலில் விழுகிற இடம் தூக்கம். அதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை.

முதலில் உழைப்பு. நாம் தின்னும் சோறு குளுக்கோஸாகி ரத்தத்தில் ஏறுகிறது. அதை வாங்கிக் கொட்டி வைக்கிற பெரிய குதிர் நம் தசைதான். இன்சுலின் அந்தக் குதிரின் வாயைத் திறக்கிறது. இன்சுலின் சொல்லும் சொல்லுக்குத் தசை மெல்லச் செவிடாகிப் போவதுதான் பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை நோயின் தொடக்கம். ஆனால் குதிருக்கு இன்னொரு வாயும் உண்டு. தசை சுருங்கி விரிந்து வேலை செய்யும்போது இன்சுலின் துணையில்லாமலே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்கிறது. வேலை முடிந்த பிறகும் ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள் வரை, இன்சுலினின் சொல் தசைக்கு நன்றாகக் கேட்கிறது. சர்க்கரை உள்ளவர்கள் உடற்பயிற்சியில் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

அப்படியானால் நாள் முழுக்க உழைக்கிற சின்னம்மாவின் குதிர் எப்போதும் திறந்தே இருக்க வேண்டுமே? ஏலக்காட்டு வேலையை அருகில் பார்த்தவர்களுக்கு விடை பாதி தெரியும். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரில், மண்ணை ஒட்டிப் படரும் சரத்தில் காய்க்கிறது. காய் எடுக்கிறவர் ஒவ்வொரு தூரிலும் குனிந்தோ குந்தியோ மணிக்கணக்கில் இருக்க வேண்டும். மேடு ஏறுவது ஜீப். இவர்கள் ஏறி இறங்குவது தோட்டத்துக்குள் கொஞ்ச தூரம்தான். முதுகும் முழங்காலும் தேய்கிற அளவுக்கு வேலை கடினம். ஆனால் நெஞ்சு வேகமாக அடித்து, மூச்சு வாங்கி, பிறகு ஓய்ந்து தணிகிற அந்த ஏற்ற இறக்கம் அதில் குறைவு.

இதை உலகம் சற்றுத் தாமதமாகத்தான் ஆராயத் தொடங்கியது. உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை முதலில் தெளிவாகக் காட்டியவர் ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். லண்டன் மாடிப் பேருந்துகளில் உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட, நாள் முழுக்கப் படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று அவர் குழு 1953இல் எழுதியது. மோரிஸை நான் மதிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தன் முடிவைத் தானே சந்தேகித்தார். சீருடைத் தையல் அளவுகளை எடுத்துப் பார்த்து, வேலைக்குச் சேரும்போதே டிரைவர்களின் இடுப்பளவு பெரிதாக இருந்ததையும் 1956இல் வெளியிட்டார். அதாவது வேலை ஆளை மாற்றியது பாதி, ஆள் வேலையைத் தேர்ந்தது பாதி.

2021இல் கோபன்ஹேகனிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று வந்தது. ஓய்வு நேரத்தில் உடலை அசைப்பவர்களுக்கு இதய நோயும் மரணமும் குறைவு. ஆனால் வேலையிலேயே கடுமையாக உழைப்பவர்களுக்கு அந்த நன்மை இல்லை, ஆபத்தும் அதிகமாகிறது என்றது அது. நாமாக நடக்கும்போது நெஞ்சு கொஞ்ச நேரம் வேகமாக அடித்து ஓய்கிறது. பாரமான கூலி வேலையிலோ எட்டு மணி நேரம் அரைகுறை வேகத்தில் அடித்துக்கொண்டே இருக்கிறது, இளைப்பாற இடமில்லை. மறுநாளும் அதே. இது எல்லாரும் ஒப்புக்கொண்ட முடிவல்ல. அதே ஆண்டு நார்வேயிலிருந்து வந்த பெரிய ஆய்வு ஒன்றில் உழைக்கும் ஆண்களின் ஆயுள் குறையவில்லை. கூலி வேலையோடு வறுமையும் புகையிலையும் சேர்ந்தே வருவதால் எது எதனால் என்று பிரிப்பது கடினம். என் கணிப்பில், உழைப்பு கெடுதல் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. ஓய்வு கிடைக்காத உழைப்பு பாதி பலன்தான் தரும்.

ஜீப் ஓட்டுகிற அண்ணன்மார்களையும் இங்கே சொல்ல வேண்டும். பெண்களுக்கு முன்னால் எழுந்து, மலைப்பாதையில் ஓட்டி, தோட்டத்து நிழலில் மாலைவரை வண்டியிலேயே படுத்துக் கிடந்து, திரும்ப ஓட்டி வருகிறார்கள். மோரிஸ் சொன்ன டிரைவர்கள் அப்படியே இவர்கள்தான். நாற்பது வயதுக்குள் தொப்பையும் பிரஷரும் வந்துவிடுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு இவர்களுக்குத்தான் அதிகம் தேவை: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வேக நடை போன்ற மிதமான உழைப்பு, கூடவே வாரம் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் சேர்க்கும் பயிற்சி. அந்த இரண்டாவது பகுதியை நம் ஊரில் யாரும் காதில் வாங்குவதில்லை. முப்பது வயதுக்குப் பிறகு தசை பத்தாண்டுக்குப் பத்தாண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. தசை கரைந்தால் குதிர் சிறுக்கிறது. அதே அளவு சோறு, கொட்டி வைக்க இடம் மட்டும் குறைவு.

சின்னம்மா ஒல்லியானவர். "தின்னு கொழுத்தவ இல்ல" என்று அவர் சொன்னது உண்மை. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 2004இல் ஒரு புகைப்படம் வெளியிட்டார். அவரும் ஜான் யுட்கின் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கு எடை என்ற கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. உடலிலிருந்த கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு: நம்மில் பலருடைய உடல்வாகு இது. வயிற்றுக்குள் ஈரலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு தராசில் தெரியாது. ஆகவே எடை பார்க்கும் மிஷினைவிட இடுப்பைச் சுற்றும் நாடாவே எங்கள் பக்கத்துக்கு நல்ல அளவுகோல்.

இப்போது தூக்கம். சின்னம்மாவின் ஒரு நாளை எழுதிப் பார்த்தேன். மூன்றரைக்கு எழுந்து அடுப்புப் பற்றவைத்து, எல்லாருக்கும் சோறாக்கி, தன் தூக்குவாளியைக் கட்டிக்கொண்டு நாலே முக்காலுக்கு ஜீப். மாலை ஐந்தரை ஆறுக்குத் திரும்பி வந்து, தண்ணீர் பிடித்து, துணி துவைத்து, ராத்திரிச் சோறாக்கி, ஒன்பதரைக்குச் சாப்பிட்டு, பாத்திரம் விளக்கி, படுக்கும்போது பத்தரை. ஐந்து மணி நேரத் தூக்கம். இப்படி இருபத்தைந்து வருடம்.

1999இல் சிகாகோவில் 11 இளைஞர்களை ஆறு இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுச் சோதித்தார்கள். நோய்நொடி இல்லாதவர்கள். ஆறே நாளில் அவர்களின் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் சர்க்கரை நோயின் வாசலில் நிற்பவர்களைப் போல ஆகிவிட்டது. நன்றாகத் தூங்கவிட்டதும் சீரானது. அதே குழு 2004இல் 12 இளைஞர்களைச் சோதித்தது. இரண்டு இரவு அரைத்தூக்கத்திலேயே வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு கூடியது. அவர்கள் அதிகம் கேட்டது கீரையை அல்ல, இனிப்பையும் மாவுப் பண்டத்தையும் உப்பு நொறுக்கையும். ஜீப்பை விட்டு இறங்கியதும் பஜ்ஜிக் கடையில் பெண்கள் நிற்பதைப் பார்த்து நாக்கு ருசி என்று பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே கை நீட்டுவது பட்ட தூக்கக் கடன்.

ராத்திரி நல்ல தூக்கத்தில் ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 விழுக்காடு இறங்குவது இயல்பு. ரத்தக்குழாய்களுக்குக் கிடைக்கிற ஒரே விடுமுறை அது. தூக்கம் குறைந்தாலும் விட்டுவிட்டு வந்தாலும் இந்த இறக்கம் குறைகிறது, அதன் சுமை இதயத்திலும் சிறுநீரகத்திலும் போய்ச் சேர்கிறது. உரக்கக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறவர்களுக்கு இது இன்னும் மோசம். குறட்டையை ஆழ்ந்த தூக்கத்தின் அடையாளம் என்று நம்புகிற வீடுகள் இங்கே ஏராளம். உண்மையில் அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறி.

ஞாயிற்றுக்கிழமை தூங்கிக் கடனை அடைத்துவிடலாம் என்றால் அதுவும் முழுசாக நடப்பதில்லை. வாரத்தில் ஐந்து நாள் தூக்கம் கெட்டு, விடுமுறையில் இஷ்டம்போல் தூங்கியவர்களை 2019இல் சோதித்தபோது, மறுவாரம் சர்க்கரையைக் கையாளும் திறன் பழையபடி சரிந்திருந்தது. முதுமைக்கும் இதில் பங்குண்டு. பிரிட்டனின் அரசு ஊழியர்கள் ஏறத்தாழ 8,000 பேரை இருபத்தைந்து ஆண்டு தொடர்ந்து பார்த்ததில், 50, 60, 70 வயதுகளில் தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு மறதி நோய் சுமார் 30 விழுக்காடு அதிகம் வந்தது. தூக்கமின்மைதான் காரணம் என்று அந்த ஆய்வு அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் அலட்சியப்படுத்தும் எண்ணும் அல்ல அது.

தட்டுக்கு வருவோம். 1895இல் முல்லைப்பெரியாறு அணை கட்டி முடிந்து தண்ணீர் கிழக்கே திரும்பிய பிறகு கம்பம் பள்ளத்தாக்கு நெல்பூமி ஆனது. இன்றும் 14,707 ஏக்கரில் இரண்டு போகம் நெல் விளைகிறது. அந்தத் தண்ணீருக்குப் பள்ளத்தாக்கே நன்றி சொல்கிறது, நானும் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் சோளமும் கம்பும் கேழ்வரகும் இருந்த தட்டில் மூன்று வேளையும் வெள்ளைச் சோறு வந்து உட்கார்ந்ததும் அந்தத் தண்ணீரின் வழியாகத்தான். பொழுதெல்லாம் நடந்தே வாழ்ந்த தலைமுறைக்கு அது தாங்கியது.

பழைய தானியத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சீனிக்குக் கேழ்வரகுக் களி மருந்து என்று ஊரில் பேச்சு. நைசாக அரைத்த மாவில் கிண்டிய களி சர்க்கரையை வேகமாகவே ஏற்றும். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் நாரும் உண்டு, நல்ல தானியம்தான். ஆனால் பெரிய உருண்டை சாப்பிட்டால் பெரிய உருண்டையின் வேலையைத்தான் அது செய்யும்.

சின்னம்மாவின் தூக்குவாளியைத் திறந்து பார்த்தால் குறை எங்கே என்று உடனே தெரிந்தது. முக்கால்வாசி சோறு, மேலே புளிக்குழம்பு, மூடியில் ஒரு துண்டு ஊறுகாய். பருப்பு இல்லை, காய் இல்லை, முட்டை இல்லை. இது ஒரு வீட்டுக் கதையும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியர் உண்ணும் சக்தியில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று 2025இல் சொன்னது. அதில் ஒரு சிறு பகுதியைக் குறைத்துப் பருப்பு, பால் போன்ற புரதத்துக்கு மாற்றினாலே சர்க்கரை நோயின் வாய்ப்பு குறைகிறது என்பதும் அதன் முடிவு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் போட்ட தட்டில் நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காயும் கீரையுமாக 400 கிராம். எங்கள் தெருவில் அந்த 85 கிராமை எட்டும் வீடுகள் அதிகம் இருக்காது. மொச்சையும் தட்டாம்பயறும் கொண்டைக்கடலையும் சந்தையில் குவிந்து கிடக்கும்போது இது வருத்தமான விஷயம்.

உப்பு நாளுக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான் அளவு. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்தால் மதியத்திலேயே அது முடிந்துவிடும். டீயைப் பற்றியும் ஒன்று. சாப்பிட்ட கையோடு குடிக்கும் கட்டஞ்சாயா உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுக்கவிடாமல் தடுக்கிறது. ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை, கேரளத்தில் 36.3. ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். மாலை ஐந்துக்கு மேல் டீயை நிறுத்துவது தூக்கத்துக்கும் நல்லது. குடித்த கஃபீனில் பாதி கரையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்.

மலைக்குப் போகிறவர்களுக்கு அவசியமான ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் உடம்பை அதிக இன்சுலின் சுரக்க வைக்கின்றன. காலையில் அதைப் போட்டுவிட்டு, எதுவும் சாப்பிடாமல் ஜீப்பில் ஏறி, தோட்டத்தில் உழைத்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கும். கை நடுங்கும், வேர்க்கும், கண் இருட்டும், பேச்சு குழறும். "அசதி" என்று ஓரமாக உட்கார வைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. சட்டைப் பையிலோ முந்தானை முடிச்சிலோ கொஞ்சம் சீனியோ வெல்லமோ எப்போதும் இருக்க வேண்டும். நினைவு இருக்கும்போதே வாயில் போட வேண்டும், பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும். தான் செய்யும் வேலையையும் கிளம்பும் நேரத்தையும் மருத்துவரிடம் சொல்லி மாத்திரை நேரத்தை மாற்றிக் கேட்பது நோயாளியின் உரிமை. கால் மரத்துப் போனவர்களுக்கு அட்டைக்கடியும் முள்ளும் தெரியாது. ரப்பர் பூட்ஸைக் கழற்றியதும் இரண்டு பாதங்களையும் வெளிச்சத்தில் பார்க்கும் பழக்கம் ஒரு காலையே காப்பாற்றும்.

இதையெல்லாம் மாற்றினால் உண்மையிலேயே பலன் உண்டா, அதுவும் பல வருடம் நிற்குமா? சீனாவின் டாச்சிங் நகரில் 1986இல் சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 577 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஆறு ஆண்டு சாப்பாட்டிலும் உடற்பயிற்சியிலும் வழிகாட்டினார்கள். முப்பது ஆண்டு கழித்துப் பார்த்தபோது, வழிகாட்டப்பட்டவர்களுக்கு நோய் சராசரியாக நாலு ஆண்டு தள்ளி வந்திருந்தது, மாரடைப்பும் பக்கவாதமும் 26 விழுக்காடு குறைந்திருந்தன, ஆயுள் ஒன்றரை ஆண்டு வரை நீண்டிருந்தது. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரிடம் இதையே செய்து 2006இல் வெளியிட்டது. நடையும் சாப்பாட்டு மாற்றமும் மட்டுமே நோயின் வாய்ப்பை 28.5 விழுக்காடு குறைத்தன. அமெரிக்காவில் இதேபோன்ற ஆய்வில் கிடைத்த 58 விழுக்காட்டைவிட இது குறைவு. நம் உடல்வாகுக்கு நோய் சீக்கிரம் வருகிறது என்பதை ஒளிக்காமல் காட்டிய எண் என்பதால் எனக்கு இதில் நம்பிக்கை அதிகம்.

சின்னம்மாவின் வீட்டில் எதை மாற்ற முடியும் என்று உட்கார்ந்து பேசினோம். ஜீப் நேரம் நம் கையில் இல்லை. தோட்ட வேலையும் இல்லை. நியூசிலாந்தில் 2016இல் ஒரு சோதனை செய்தார்கள். நாளில் ஏதோ ஒரு நேரத்தில் அரைமணி நேரம் நடப்பதைவிட, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பின் பத்து நிமிடம் நடந்தபோது சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு 22 விழுக்காடு. ஆகவே தெருக்கோடி வரை பத்து நிமிட நடை. அதுவும் ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்கு வந்தால்தான் நடக்கும். ஏழரைக்கு வர வேண்டுமானால் தண்ணீரும் துணியும் அடுப்பும் ஒருவர் தலையிலேயே இருக்கக்கூடாது. பேச்சு அங்கேதான் கொஞ்ச நேரம் நின்றது.

சித்தப்பா எதுவும் சொல்லாமல் எழுந்து போய்த் தண்ணீர்க் குடத்தை எடுத்தார்.

இரண்டு வருடம் ஆகிறது. தூக்குவாளியில் சோறு பாதியாகி, மேலே சுண்டலோ முட்டையோ இருக்கிறது. மாத்திரையை அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், ஒரு வேளை தவறுவதில்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் HbA1c அளவு 9.4 விழுக்காட்டிலிருந்து 7.1க்கு வந்திருக்கிறது. மாத்திரைக்கு அதில் எவ்வளவு பங்கு, சுண்டலுக்கு எவ்வளவு, தூக்கத்துக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. சின்னம்மா ஒன்பது மணிக்குப் படுத்துவிடுகிறார். அதற்குப் பிறகு அடுக்களையில் பாத்திரம் விளக்குகிற சத்தம் கேட்டால் அது சித்தப்பா.